ஒரு பக்கத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்

எங்கள் ஊரில் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே போகும் சந்தில், ஹெப்சிபா கம்ப்யூட்டர்ஸ் வாசலில் கிடக்கும் இரும்பு பெஞ்சில், பயோடேட்டாவில் இடம் கிடைக்காதவர்கள் வந்து உட்கார ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்தில், காற்று மண்ணை வாரி டீக்குள் போட்டுக்கொண்டிருந்த ஒரு முற்பகலில். முதலில் வந்தது தவசிமுத்து. அதாவது, தவசிமுத்து கடைக்குள்ளே கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பயோடேட்டா பிரிண்ட் ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, வெளியே வந்து உட்கார்ந்த இன்னொரு தவசிமுத்து. இவனுக்கு வயது குறைவு, மேலுக்கு பனியன் மட்டும், முழங்கை வரை மைதா மாவு, பக்கத்தில் போனால் டால்டா வாசம். உள்ளே இருந்தவன் செக்யூரிட்டி வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவன். அந்தக் கம்பெனிக்காரர்கள் பயோடேட்டா ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதனால் கடைக்காரர் ரெத்தினபால், தவசிமுத்து பரோட்டா மாஸ்டராக இருந்த வருஷங்களை எடுத்துவிட்டு பிரிண்ட் கொடுத்தார். தாள் வெளியே வந்தது, பரோட்டா மாஸ்டரும் வெளியே வந்துவிட்டான்.

எதிர் டீக்கடை முருகானந்தம் அவனைப் பார்த்துவிட்டு, டீயா காப்பியா என்று கேட்டார். அவன் டீ என்றான். அவ்வளவுதான் நடந்தது. உள்ளே இருந்த தவசிமுத்து வெளியே வந்து, பெஞ்சில் இருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்போது எனக்கு எவ்வளவு முடி இருந்திருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஏன் வருகிறார்கள் என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. எப்படி வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்பது போகப்போகப் பழகிவிட்டது. எழுதிக்கொண்டுவந்து பிறகு எடுத்துவிட்டதோ, எழுத வேண்டியதை எழுதாமலே விட்டதோ, எதுவானாலும் பிரிண்ட் வந்ததும் அந்த வருஷங்களின் ஆள் பெஞ்சுக்கு வந்துவிடுவார். பக்கத்து ஊரில் போய் அடித்தாலும் ஆள் மட்டும் இங்கேதான் வந்து உட்காருவார். உரியவர் தாளைக் கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுத்து, அது கை மாறும் வரை பெஞ்சிலேயே காத்திருப்பார். கை மாறிய நிமிஷத்தில் எழுந்து, வேட்டியையோ சேலையையோ தட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து நிலையத்துக்குப் போய் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிப் போய்விடுவார். அதற்கு முன்னால் அந்த வருஷங்களைத் தாளில் சேர்த்து எழுதிவிட்டால் எழுந்துவந்து உரியவருக்குள் சேர்ந்துகொள்வார். போய்விட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. தவசிமுத்துவுக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேட்டார்களே என்று மாவு பிசைந்தவன், வீசத் தெரியாமல் துணி துவைப்பதுபோல் அதைக் கல்லில் அடித்துக்கொண்டு நின்றான் என்றும், பிள்ளைகள் சிரித்தார்கள் என்றும், அவனும் சிரித்துவிட்டுப் பின்வாசலில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான் என்றும் அவன் பெண்டாட்டி சொன்னாள்.

ஊர் அவர்களுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. வெயிலுக்குத் தகரம் வேய்ந்தார்கள். மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்துத் தயிர்ச்சாதம் கொண்டுவந்தார்கள். ஆள் முழுசாக இல்லையே என்று சில கண்டக்டர்கள் அவர்களுக்கு அரை டிக்கெட் கிழித்தார்கள், வேறு சிலர் உட்காரும் இடம் முழு இடம்தானே என்று முழு டிக்கெட் கேட்டு, அதனால் பேருந்து நிலையத்தில் அடிக்கடி வாக்குவாதம் நடந்தது. இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கல்யாண பயோடேட்டாவும் அதே கடையில்தான் அடிப்பார்கள் என்பதால், நின்றுபோன நிச்சயதார்த்தங்களும் கையில் மருதாணியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தன. முதலில் அது பெரிய கலவரமாகி, பிறகு அதுவும் நடைமுறையாகி, பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் எதற்கும் பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்து, அங்கே தங்கள் மாப்பிள்ளையே அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு பேசாமல் திரும்பிப்போனதும் நடந்தது.

துபாயிலிருந்து திரும்பிவந்த மைதீன் பிச்சை, இவன் மறுபடியும் வெளிநாட்டுக்கு ஓடிவிடுவான் என்று உள்ளூர்க் கம்பெனிக்காரர்கள் நினைப்பார்கள் என்று பயந்து, துபாய் வருஷங்களை எடுத்துவிட்டான். பெரிய பெட்டியும் அத்தர் மணமுமாக அந்த ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மைதீன் பிச்சையின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அங்கே ஓடினார்கள். அவர்களுக்குத் தெரிந்த வாப்பா அவர்தான், வீட்டில் இருப்பவரோடு இன்னும் பழகவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேச அவர்களுக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. சந்தின் அந்தக் கோடிக்குப் போய் போன் போட்டுத்தான் பேசினார்கள். அப்படிப் பேசும்போது மட்டும் எல்லாம் சொன்னார்கள், வகுப்பில் அடிவாங்கியது, பூனை குட்டி போட்டது எல்லாவற்றையும். மைதீன் பிச்சை தூரத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு, கடைக்குள் வந்து துபாயை மறுபடி எழுதச் சொன்னான். தாள் இரண்டு பக்கம் ஆனது. அந்த வேலை கிடைக்கவில்லை.

ஆகவே, பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்கலாம், அதில் எதைப் போடலாம், எதை விடலாம் என்பது எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்துபோல வீட்டில் எல்லோரும் கூடிப் பேசும் விஷயமாகிவிட்டது. எல்லோரும் கடைசியில் ரெத்தினபால் அண்ணாச்சியிடம்தான் வந்து நின்றார்கள். அவரிடமோ ஒரே ஒரு அச்சுதான் இருந்தது. என்றைக்கோ கல்யாணத்துக்காக யாருக்கோ அடித்தது. பெயரை மாற்றி, படிப்பை மாற்றி, எல்லோருக்கும் அதையே கொடுத்துவந்தார். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ச்மேன் வேலைக்கும் நட்சத்திரம், ராசி, உயரம், மாநிறம் என்று எழுதித்தான் விண்ணப்பித்தார்கள். எல்லோருடைய தாளிலும் நேர்மை, விடாமுயற்சி, கூட்டாகப் பணிபுரியும் திறன் இருந்தன. எல்லோருக்கும் பொழுதுபோக்கு செஸ் விளையாடுவது. மூன்று தெரு தேடினாலும் ஒரு வீட்டில் செஸ் போர்டு கிடையாது.

சண்முகக்கனி அந்தக் கடைக்கு வந்தது ஐப்பசி கழிந்து, மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸில் கணக்கு எழுதியவள், இப்போது அண்ணன் வீட்டில் இருப்பவள். அண்ணன் கணேசமூர்த்தியும் மதினி இந்திராவும் அவளை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் படுக்கிற இடம் டிவிக்கு முன்னால்தான், எல்லோரும் அடங்கிய பிறகுதான் பாய் விரிக்க முடியும். தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி ஓர் அறை, வாடகைக்கு, தன்னுடையது என்று வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அதற்கு வேலை வேண்டும். புதூர் ரோட்டில் ஒரு பருப்பு மில் ஆபீஸில் கணக்கு எழுத ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை நேரில் வர வேண்டும், பயோடேட்டா ஒரு பக்கம், இடையில் சும்மா இருந்த வருஷங்கள் இருக்கக்கூடாது.

ரெத்தினபால் மில் வேலை வரைக்கும் அடித்துவிட்டு, அதற்குப் பிறகு என்று கேட்டார்.

"வீட்டுலதான் இருந்தேன் அண்ணாச்சி."

அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவள் புருஷன் சுடலைமணி வயர்மேன், கம்பத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவு எதுவும் இல்லாமல் போய், வலது கையில் ஒரு விரல் மட்டும் மிஞ்சி, அப்புறம் பேச்சும் போய், பல வருஷம் கட்டிலில் கிடந்து, போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் இறந்தான். மில்லில் இருந்த தேதியை நீட்டிப் போட்டுவிடலாமா என்று ரெத்தினபால் கேட்டார். பொய் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றாள். விட்டுவிட்டார். பிரிண்டர் சத்தம் போட ஆரம்பித்ததும் அவள் நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். தலையைக் குனிந்து, பெஞ்சுப் பக்கம் பார்க்காமலே சந்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பெஞ்சுக்கு வந்தவள் வெளிறிப்போன நைட்டியில் இருந்தாள். தோளில் துண்டு, டெட்டாலும் குட்டிக்குரா பவுடரும் கலந்த வாசம், தூக்கித் தூக்கி ஒரு பக்கமாகச் சரிந்த வலது தோள். முருகானந்தம் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள், அதுவும் பெஞ்சின் நுனியில், கூப்பிட்டால் எழுந்துபோக வேண்டியவள் உட்காருவதுபோல. கொஞ்சத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பஸ் ஹாரனும் பூக்காரியின் குரலும் டீ ஆற்றும் சத்தமும் அவள் காதில் விழவில்லை, அவற்றுக்கு அடியில் இருக்கிற ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகு பெஞ்சில் இருந்த மற்றவர்களும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

சனிக்கிழமை மதியம் இந்திரா மதினி தூக்குவாளியில் சோறு கொண்டுபோனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, வாளியைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏட்டி கனி, அவ சாப்புட மாட்டேங்கா. அவருக்கு ஊட்டியாச்சா மதினின்னு என்கிட்ட கேக்கா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

சண்முகக்கனி அப்போதுதான் அதை யோசித்தாள். பெஞ்சில் இருப்பவள் அந்த வருஷங்களில் இருந்து வந்தவள். அந்த வருஷங்களில் அவன் இருந்தான். அவன் இறந்தது அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை தாள் கை மாறியதும் அவள் எழுந்து, அவனுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தோடே ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, அவன் இல்லாத ஏதோ ஓர் ஊரில் இறங்கி, அங்கேயும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். மதினி இன்னொன்றும் சொன்னாள். நீ எழுதுவதும் விடுவதும் உன் பாடு, உனக்கு வேலை வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, உன்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை, ஆனால் அவளை இப்படி நுனியில் உட்காரவைத்துவிட்டுப் போகாதே என்றாள்.

அன்றைக்கு முழுக்க சண்முகக்கனி அந்தக் கட்டிலை நினைத்துப் பார்த்தாள். கட்டில் நினைவுக்கு வந்தது. ஆனால் பெஞ்சுக்குப் போனவர்களின் வருஷங்கள் உரியவருக்குள் அப்போதிருந்தே மங்க ஆரம்பித்துவிடும், கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல. பேச்சு போன பிறகு அவன் அந்த ஒற்றை விரலின் மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிடுவான். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டு புரட்டிப் படுக்க வைக்க. மூன்று தட்டு என்றும் ஒன்று உண்டு, அதுதான் அடிக்கடி வரும், அடுப்பில் இருக்கும்போது, குளிக்கும்போது, கண் அசரும்போது. அது எதற்கென்று அவளுக்கு நினைவு வரவில்லை. சோறா, வலியா, விசிறவா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் மணி அடித்து ரெத்தினபால் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் பெஞ்சுக்குப் போய் நைட்டிக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சண்முகக்கனிதான் கேட்டாள்.

"மூணு தட்டு தட்டுனா என்ன?"

"ஒண்ணும் வேண்டாம்னு அர்த்தம்." நைட்டிக்காரி இதுகூட மறந்துவிட்டதா என்பதுபோல் லேசாகச் சிரித்தாள். "நீ இருக்கியான்னு பாத்தேன், அவ்வளவுதான்."

ஆராதனை முடிந்து வந்த ரெத்தினபாலை சண்முகக்கனி கடையைத் திறக்கச் சொன்னாள். அவர் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை, ஆனாலும் திறந்தார். அவள் விட்டதைச் சேர்க்க வேண்டும் என்றாள். அவர் தாளைக் காட்டினார். பக்கம் அடிவரை நிறைந்திருந்தது. ஒரு வரி சேர்த்தாலும் கீழே இருக்கிற உறுதிமொழியும் கையெழுத்தும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும், அவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேண்டுமானால் ஏதாவது ஒன்றை எடுக்கலாம், எதை எடுத்தாலும் அங்கே ஓர் ஆள் வந்து உட்காருவாரே, அதையும் யோசித்துக்கொள்ளம்மா என்றார்.

அவள் திரையில் தன் பயோடேட்டாவை மேலிருந்து கீழே முதல்முறையாக வாசித்தாள். இந்தச் செஸ் யாருடையது என்று கேட்டாள். ரெத்தினபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அது அச்சிலேயே இருப்பது என்றார். எடுத்துப் பாருங்கள் என்றாள். செஸ்ஸை எடுத்து பிரிண்ட் கொடுத்தார். இருவரும் வாசலைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. ராசியை எடுத்தார், உயரத்தை எடுத்தார், மாநிறத்தை எடுத்தார். முருகானந்தம் டீக்கடையை விட்டு வந்து பெஞ்சைப் பார்த்து, புதிதாக ஒருவரும் இல்லை என்று குரல் கொடுத்தார். பிறகு நேர்மையை எடுக்கும் முன் ரெத்தினபால் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார், அதற்காவது யாராவது வந்துவிடுவார்களோ என்று. அதற்கும் ஒருவரும் வரவில்லை. விடாமுயற்சிக்கும் வரவில்லை. தாளில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. தனக்கு இல்லாததை எடுத்தால் ஒருவரும் வெளியே போவதில்லை என்பதை, இத்தனை மாதம் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தும், எங்கள் ஊர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு அண்ணாச்சியின் கடையில் யாருடைய பயோடேட்டாவும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. சிலருடையது பாதிகூட வருவதில்லை, அதற்காக அவர்கள் வெட்கப்படுவதும் இல்லை.

அந்த இடத்தில் என்ன போடலாம் என்று ரெத்தினபால் யோசித்து, நோயாளிப் பராமரிப்பில் நீண்ட அனுபவம் என்று போடுவோமா, பார்க்க நன்றாக இருக்கும் என்றார். அவள் வேண்டாம் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார்: கீழே விழுந்து நடக்க முடியாமல் போன என் கணவர் சுடலைமணியை இந்த வருஷங்களில் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டேன்.

வெளியே நைட்டிக்காரி எழுந்து நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் அவள் போக வழிவிட்டு முழங்காலை மடக்கிக்கொண்டார்கள். அவள் வாசல்வரை வந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் தயங்காமல் உள்ளே வந்து உரியவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, சட்டை போட்டுக்கொள்வதுபோல் சேர்ந்துகொள்வார்கள். இவள் படியில் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். நான் வந்துவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது என்றாள்.

ரெத்தினபால் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். சண்முகக்கனி எழுந்துபோய் அவளை மறுபடியும் பெஞ்சுக்குக் கூட்டிவந்தாள். நுனியில் உட்காரப் போனவளை நன்றாகச் சாய்ந்து உட்காரவைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். இப்படிச் சொல்ல வேண்டிய ஒன்றை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, அவன் இறந்த அன்றைக்கு அவளுக்கு அதை யாரும் சொல்லவுமில்லை, அவள்தான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னவள்.

"அவரு போயிட்டாரு."

நைட்டிக்காரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் ஒரு பஸ் கிளம்பி, சந்து முழுக்க அதன் சத்தம் நிறைந்து, பிறகு அடங்கியது.

"வலிச்சுதா அவருக்கு?"

"இல்ல. காலையில. நீ அவரு கையப் புடிச்சுக்கிட்டு இருந்த."

"நான் இருந்தேனா? அடுப்படில இல்லையே?"

"இல்ல. நீதான் பக்கத்துல இருந்த."

நைட்டிக்காரி தலையை நிமிர்த்தினாள். அவள் காதுக்குள் அத்தனை வருஷம் விழித்திருந்தது எதுவோ கண்ணை மூடிக்கொண்டதுபோல, தலை ஒரு பக்கமாகச் சாயாமல் நேராக நின்றது. பிறகு அவள் சண்முகக்கனியின் வலது தோளில் தலை வைத்தாள். முருகானந்தம் டீ கொண்டுவந்து பார்த்தபோது பெஞ்சில் ஒருத்திதான் இருந்தாள், அவளுடைய வலது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது.

திங்கட்கிழமை பருப்பு மில் மேனேஜர் அந்த வரியை விரலால் தொட்டு, இதைப் போட்டிருக்க வேண்டாமே அம்மா, எங்களுக்கு இது தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றாள் சண்முகக்கனி. இத்தனை வருஷம் கணக்கு எழுதாமல் இருந்தால் மறந்திருக்குமே என்றார். மறந்துதான் இருக்கும், பழகிக்கொள்வேன் என்றாள். அவர் தாளை வைத்துக்கொண்டு, சொல்லியனுப்புகிறோம் என்றார். அவர்கள் சொல்லியனுப்பவில்லை. முதலில் எடுத்த பையன் கோயம்புத்தூருக்குப் போய்விட்ட பிறகு, தை மாதத்தில், பழகிப் பார்க்க வாருங்கள் என்று போன் வந்தது. மாசியில், மில்லுக்குப் பின்னால் உள்ள காம்பவுண்டில் ஓர் அறை எடுத்தாள். கணேசமூர்த்தி ஒரு பழைய மின்விசிறியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். மதினி பால் காய்ச்சிவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் சண்முகக்கனி கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கு வைக்கிற நேரம். புருஷன் இறந்த அன்று அவள் அழவில்லை, அழ உடம்பில் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அதை ஊர் ஒரு மாதிரியாகப் பேசியது. அதற்கப்புறம் அண்ணன் பிள்ளைகளுக்கு நடுவே, டிவிக்கு முன்னால், அழுவதற்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது அழுதாள். வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லி, என்னைப் பெத்த ராசா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் சாவு விழுந்த துட்டி வீட்டில் அழுவதுபோல் அழுதாள்.

காம்பவுண்டில் இருந்த பெண்களுக்கு அவளை இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த அழுகை அவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கோமு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், எதிர் வீட்டுக்காரி ஈரக் கையோடு வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். கதவைத் தட்டி, அவள் திறந்ததும், ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். கோமு அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்.

"யாரும்மா? எப்பத் தவறுனாக?"

"வீட்டுக்காரரு," என்றாள் சண்முகக்கனி. "எனக்கு இப்பத்தான்க்கா தெரியும்."

கோமு அவளுடைய அவிழ்ந்த முடியை ஒதுக்கிவிட்டு, தானும் சேர்ந்து அழ ஆரம்பித்தாள்.